கிறிஸ்துமஸ் குட்டி பிரவுனி: டிசம்பர் ஈரத்தில் அலங்காரம் நிற்க என்ன செய்யலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேரல் பாட வரும் பிள்ளைகளுக்கும் கொடுக்க, ஒரே வாயில் போட்டுக்கொள்கிற அளவில் சாக்லேட் பிரவுனி செய்ய வேண்டும், மேலே வெள்ளைக் கோடு, வெள்ளி மணி (வெள்ளி நிறத்தில் உருண்டையாக இருக்கிற சர்க்கரை மணி) எல்லாம் வைக்க வேண்டும். போன வருடம் வெட்டும்போதே உதிர்ந்துவிட்டது, தூவிய ஐசிங் சர்க்கரை மறுநாள் காணவில்லை, மேலே ஊற்றிய சாக்லேட் வெளுத்துவிட்டது, அதனால் நல்ல ரெசிபி ஒன்று சொல்லுங்கள் என்கிறீர்கள். ரெசிபி கீழே தருகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குறையும் ரெசிபியால் வந்தது போலத் தெரியவில்லை. முதலாவது, சூட்டோடு வெட்டியதால் வந்திருக்கும். மற்ற இரண்டும் நம்ம ஊர் காற்றில் இருக்கிற ஈரத்தின் வேலை. ஆக, இந்த ஊர் டிசம்பரில் எந்த அலங்காரம் நிற்கும், எது நிற்காது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரியின் போர்மாவில், அதாவது ரொட்டி, கேக் வேகவைக்கிற அடுப்படியில், வேலை பழகியவள். இப்போது வீட்டில் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) வைத்துச் செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் வந்தால் எல்லாரும் என்னிடம் கொண்டுவருகிற குறை இதேதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே வாங்குகிற மாவட்டம் நம்முடையது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும், மழை இல்லாத மத்தியானத்தில் வெயிலும் முப்பது டிகிரியைத் தொடும். சாக்லேட் வேலைக்கு 20 டிகிரி அளவில் குளிர்ந்த, ஈரம் குறைந்த அறை வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். கொக்கோ வெண்ணெய் உருகுவதே ஏறக்குறைய 34 டிகிரியில், அதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும். நீங்கள் பார்த்த வீடியோக்களில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுச் சமையலறையில், வெளியே பனி கிடக்க, உள்ளே காய்ந்த காற்றில் எடுத்தவை. அங்கே ஐசிங் சர்க்கரை ஒரு வாரம் வெள்ளையாகக் கிடக்கும். இங்கே ராத்திரி தாண்டாது.

சரி, முதலில் பிரவுனி. எட்டு இஞ்ச் சதுர டின் ஒன்றுக்கு: டார்க் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 3, மைதா 90 கிராம், கொக்கோ பவுடர் 25 கிராம், வெனிலா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. உப்பு போட்ட வெண்ணெய் வாங்கினால் தனியாக உப்பு வேண்டாம். சாக்லேட்டையும் வெண்ணெயையும் டபுள் பாயிலிங்கில் (கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து) உருக்கி ஓரமாக வையுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து, கரண்டியைத் தூக்கினால் ரிப்பன் மாதிரி விழுகிறவரை நன்றாக அடியுங்கள். உருக்கின சாக்லேட் கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போது அதில் ஊற்றிக் கலந்து, சலித்த மைதாவையும் கொக்கோவையும் சேர்த்து, மாவு மறைகிறவரை மட்டும் மடித்துக் கலக்க வேண்டும். அதற்கு மேல் கிண்டினால் கேக் போல இழுக்கும். பேக்கிங் சோடா, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். சோடா இல்லாததால் சாதாரணக் கொக்கோ, டச் கொக்கோ (காரம் சேர்த்துப் புளிப்பைக் குறைத்த கொக்கோ) எது போட்டாலும் நடக்கும், நிறமும் ருசியும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். டிரிங்கிங் சாக்லேட்டை மட்டும் கொக்கோவுக்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள், அதில் பெரும்பகுதி சர்க்கரை.

நம்ம ஊர் வாசனை வேண்டுமென்றால் புதிதாக இடித்த கிராம்புத்தூள் ஒரு சின்ன சிட்டிகை போடுங்கள். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம்ம மலைத் தோட்டத்துக் கிராம்பின் காரம் சாக்லேட்டோடு அவ்வளவு அழகாகச் சேரும். ஆனால் சிட்டிகைக்கு மேல் போனால் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும். அண்டிப்பருப்பை (முந்திரிப்பருப்பை) மாவுக்குள் போடுவதைவிட மேலே வைப்பது நல்லது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் போடலாமா என்று இங்கே நிறைய பேர் கேட்பார்கள். போடலாம், தண்ணீர் இல்லாத எண்ணெய் என்பதால் 100 கிராம் போதும், ஆனால் தேங்காய் வாசனை முன்னால் நிற்கும்.

170 டிகிரியில், ஓடிஜி என்றால் மேலும் கீழும் ராடு போட்டு, நடுத்தட்டில், பதினைந்து நிமிடம் சூடாக்கிய பிறகு டின்னை வைத்து 22 நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். பெரும்பாலும் 25 நிமிடத்துக்குள் ஆகிவிடும். இந்த நேரத்தை மட்டும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வீட்டு ஓடிஜிகளில் திருகில் 170 என்று வைத்தால் உள்ளே 150-உம் இருக்கலாம், 190-உம் இருக்கலாம். ஓவனுக்குள் வைக்கிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும். குச்சியால் குத்தினால் ஈரமான துகள் ஒட்ட வேண்டும், மாவு ஒட்டக் கூடாது, சுத்தமாக வந்தால் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற சூடு கொஞ்ச நேரம் வேலை செய்யும். கரண்ட் வந்ததும் நேரத்தை மறந்துவிட்டுக் குச்சியை நம்புங்கள்.

குட்டியாக வேண்டும் என்பதால் மினி மஃபின் அச்சு வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். சின்ன அச்சில் ஊற்றினால் ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் ஓரம் வந்துவிடும், ஓரம்தான் முதலில் காய்வது, இரண்டு நிமிடம் தாண்டினால் மொத்தமும் பிஸ்கட் ஆகிவிடும். ஒரே பாளமாக வேகவைத்து வெட்டினால் நடுப்பகுதி எல்லாம் மெத்தென்று இருக்கும். எட்டு இஞ்ச் டின்னை ஆறுக்கு ஆறு வெட்டினால் 36 துண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.4 சென்டிமீட்டர். ஏழுக்கு ஏழு என்றால் 49 துண்டு. சாக்லேட் இவ்வளவு சேர்ந்த பிரவுனிக்கு அதற்கு மேல் பெரிய துண்டு தேவையே இல்லை, முதல் கடியிலேயே நிறைந்துவிடும்.

வெட்டுவது. இதில்தான் போன வருடம் கெட்டது. டின்னில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டி விரித்திருந்தால் பாளத்தை அப்படியே தூக்கிவிடலாம். முழுக்க ஆறிய பிறகு மூடி, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள், அவசரம் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம். சூட்டில் இருக்கும்போது பிரவுனிக்குள் இருக்கிற வெண்ணெயும் சாக்லேட்டும் திரவமாக இருக்கும், அந்த நேரத்தில் கத்தி வைத்தால் பிசிறும், உதிரும், மூலை உடையும். குளிர்ந்தால் இரண்டும் கெட்டியாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். நீளமான, பல் இல்லாத கத்தியை வெந்நீரில் நனைத்து, துடைத்து, நேராக அழுத்தி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும், அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்த நேர்க்கோட்டு ஓரம்தான்.

இன்னொன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. முட்டையும் சர்க்கரையும் நன்றாக அடித்தால் பிரவுனியின் மேலே மெல்லிய பளபளப்பான பொருக்கு வரும். அப்படியே சாப்பிட அது அருமை. ஆனால் அலங்காரத்துக்கு அது எதிரி, மேலே சாக்லேட் ஊற்றினால் பொருக்கோடு சேர்ந்து உரிந்து வரும். அலங்கரிக்கப் போகிற பாளத்தைத் தலைகீழாகப் புரட்டி, அடிப்பக்கத்தை மேற்பக்கமாக்கி வெட்டுங்கள். பட்டர் பேப்பரில் இருந்த பக்கம் சமமாக, உறுதியாக இருக்கும், கோடு போட்டால் நேராக விழும்.

இப்போது மேல்பூச்சு. வெளுத்துப்போனது என்று சொன்னீர்களே, அது இரண்டு வகையில் வரும், உங்களுடையது எது என்று பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஒன்று, சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சரியான முறையில் உறையாமல் மேலே வந்து சாம்பல் படலமாகத் தெரிவது. விரலால் தேய்த்தால் அது வழுவழுப்பாகக் கரைந்து மறையும். இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே வியர்த்து, அந்தத் தண்ணீர் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்த பிறகு சொரசொரப்பான வெள்ளைப் பொடியாக நிற்பது. விரலால் தேய்த்தாலும் போகாது, ஈர விரலால் தொட்டால் கரையும். இரண்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அழகில்லை. ஃபிரிட்ஜில் வைத்துத் திறந்தபடியே எடுத்தீர்கள் என்றால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் வகையைத் தடுக்க, கொக்கோ வெண்ணெய் உள்ள நிஜ சாக்லேட்டை டெம்பர் செய்ய வேண்டும். டார்க் என்றால் 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27-28க்குக் குளிரவைத்து, மறுபடி 31-32க்கு ஏற்றி அந்தச் சூட்டிலேயே வேலையை முடிக்க வேண்டும். நம்ம ஊர் சமையலறையே முப்பது டிகிரியில் இருக்கும்போது சாக்லேட்டை 27க்கு இறக்குவது, அதுவும் மழைநாளில், ஏசி இல்லாமல் பெரும்பாடு. அதனால் மேல்பூச்சுக்கு மட்டும் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு, டெம்பர் செய்யாமலே உறையும், நம்ம வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ருசியில் நிஜ சாக்லேட்டுக்கு இணை இல்லை என்பது உண்மைதான், ஆனால் மேலே போவது மெல்லிய கோடு. உள்ளே நல்ல சாக்லேட்டைப் போட்டுவிட்டு வெளியே காம்பவுண்ட் வைத்தால் யாரும் ஏமாறப் போவதில்லை. ருசி கூட்டுவதற்காக இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கிறவர்கள் உண்டு, அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த இரண்டு கொழுப்பும் ஒன்றோடொன்று சேராது, பூச்சு இளகியே கிடக்கும், சில நாளில் வெளுக்கும். இளக்குவதற்காகத் தேங்காயெண்ணெய் ஊற்றுவதும் இங்கே ஒத்துவராது. தேங்காயெண்ணெய் 24-25 டிகிரியிலேயே உருகிவிடும், மத்தியானம் பெட்டியைத் திறந்தால் கோடெல்லாம் விரலில் ஒட்டும்.

காம்பவுண்டை உருக்கும்போது பாத்திரம், கரண்டி எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. கொஞ்சம் நீராவி உள்ளே போனாலும் சாக்லேட் திரித்திரியாகக் கட்டிப்பட்டுவிடும். வெள்ளைக் காம்பவுண்ட் சூட்டுக்கு இன்னும் சுருக்கென்று கெடும், கை பொறுக்கிற சூட்டைத் தாண்டவே விடாதீர்கள். பச்சை, சிவப்பு வேண்டுமென்றால் கடையில் கிடைக்கிற தண்ணீர் கலர் உதவாது, அதுவும் கட்டிப்பட வைக்கும். எண்ணெயில் கரையும் கலர் அல்லது பவுடர் கலர் என்று கேட்டு வாங்குங்கள். பைப்பிங் கவரில் ஊற்றி, நுனியை ஊசி கனத்துக்கு வெட்டி, துண்டுகளை ஒட்டி ஒட்டி அடுக்கிவைத்து, கையை நிறுத்தாமல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓட்டினால் எல்லாத் துண்டிலும் கோடு ஒரே மாதிரி விழும். பாளத்தைச் சதுரமாக வெட்டாமல் பட்டையாக வெட்டி, பட்டையைக் குறுக்கே முக்கோணமாக வெட்டினால் கிறிஸ்துமஸ் மரம் கிடைக்கும். பச்சைக் காம்பவுண்டை வளைந்து வளைந்து ஓட்டினால் போதும்.

தூவுவதற்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பனி விழுந்த மாதிரி வெள்ளையாக வேண்டும் என்றால் ஐசிங் சர்க்கரையை மறந்துவிட்டுத் தேங்காய்ப்பூவுக்கு வாருங்கள். டெசிகேட்டட் கோகனட் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அது. நன்றாக உலர்ந்த சரக்கு என்பதால் ஈரக்காற்றில் கரையாது, நிறம் மாறாது, சாக்லேட்டுக்குப் பொருத்தமும் வேறு. இவ்வளவு தென்னை இருக்கிற மாவட்டத்தில் பிரவுனி மேல் தேங்காய் வராமல் இருப்பது எனக்குக் குறையாகவே படும். ஆனால் வீட்டில் துருவின பச்சைத் தேங்காய் கூடவே கூடாது, ஒரே நாளில் புளித்துவிடும். காம்பவுண்டில் துண்டின் மேல்பக்கத்தை மட்டும் தொட்டு எடுத்து, உறைவதற்கு முன் தேங்காய்ப்பூவில் கவிழ்த்தால் முடிந்தது. அண்டிப்பருப்பை லேசாக வறுத்து ஆறவைத்துப் பாதிப் பருப்பாக ஒவ்வொன்றிலும் ஒன்று வையுங்கள். மாவுக்குள் போட்டால் பருப்பு ஈரம் இழுத்து நமத்துப் போகும், தவிர குட்டித் துண்டு வெட்டும்போது கத்தி பருப்பில் இடறி ஓரம் உடையும். மேலே, உறைகிற சாக்லேட்டில் பதித்தால் கடைசிவரை மொறுமொறுப்பு இருக்கும். டூட்டி ஃப்ரூட்டி, செர்ரி வைப்பதானால் துணியில் ஒற்றி, விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரமாவது உலர்த்துங்கள், இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் வெள்ளைப் பூச்சில் இறங்கி அசிங்கமாகிவிடும். தேன் தடவிப் பளபளப்பாக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மார்த்தாண்டம் தேனை நான் குறைத்துப் பேச மாட்டேன், ஆனால் தேன் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், மழைக்காலத்தில் பெட்டி முழுக்கப் பிசுபிசுத்துவிடும். அதை மாவில் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு கரண்டி சேர்த்தால் போதும். ஃபிரெஷ் க்ரீம் கலந்த கனாஷ், பட்டர்க்ரீம் இரண்டும் அன்றே வீட்டில் சாப்பிடுவதற்கு மட்டும். பெட்டியில் போட்டு வீடு வீடாகக் கொடுக்கிறதற்கு வேண்டாம்.

வெள்ளி மணி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும், சாப்பிடக்கூடியது என்ற வார்த்தையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மினுமினுப்புப் பொடிகளில் விஷமில்லை என்று மட்டும் போட்டிருப்பது வேறு, சாப்பிடலாம் என்பது வேறு. கைவினைக் கடைப் பொடியைத் தெரியாமல் கேக்கில் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அந்த மணி கல் மாதிரி இருக்கும், கேரல் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் வருவார்கள், பெரியவர்களுக்குப் பல் இருக்கிற நிலைமையும் நமக்குத் தெரியாது. உங்கள் பட்டியலில் பிள்ளைகளுக்குப் போகிற பெட்டியில் மணி வேண்டாம், தேங்காய்ப்பூவே போதும். பருப்பு வைத்ததையும் மூன்று நான்கு வயசுக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம் என்பதால் பெட்டி மேலே முட்டை, பருப்பு சேர்த்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடிந்த கையோடு ஒரு பாளம் சும்மா செய்து பாருங்கள், உங்கள் ஓவன் சூடு அப்போதே தெரிந்துவிடும். அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் முன்கூட்டியே செய்து டின்னில் அடைக்கலாம், பிரவுனியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 22-ஆம் தேதி ராத்திரி வேகவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். 23 காலையில் வெட்டி உடனே அலங்கரியுங்கள், வெட்டின பக்கம் எல்லாம் காற்றில் காயும், குட்டித் துண்டில் அந்தப் பக்கங்கள் அதிகம். உறைந்ததும் காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு மூடுங்கள். 24 சாயங்காலம் கொடுத்துவிடலாம். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் டப்பாவை மூடியபடியே வெளியே எடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், அப்போது வியர்ப்பது டப்பாவின் வெளிப்பக்கம், பிரவுனி தப்பிக்கும். வெளியே வைத்தால் மூன்று நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் என்று நான் சொல்லிக்கொடுப்பது வழக்கம். உங்கள் வீட்டு ஈரம், பிரவுனி எவ்வளவு வெந்தது என்பதைப் பொறுத்து இது குறையலாம், வாசனை மாறினால் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள்.

கடைசியாக, துபாயில் இருக்கிற அண்ணனுக்கு ஆள் மூலம் அனுப்பலாமா என்ற கேள்வி. அலங்காரம் இல்லாத பாளத்தை வெட்டாமல், பிளாஸ்டிக் தாளில் இறுக்கச் சுற்றி, அதன் மேல் ஃபாயில் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலேயே நன்றாக இருக்கும். போகிறவர் கிளம்புகிற நேரத்தில் எடுத்துக் கொடுங்கள், வழியில் மெதுவாக இளகும், அங்கே போய் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு வெட்டிக்கொள்ளட்டும். கோடும் தேங்காய்ப்பூவும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், ஒரு சின்னப் பாக்கெட் காம்பவுண்டைச் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். முட்டை இல்லாமல் வேண்டும் என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருக்கிறார். அதில் பிடிப்புக்குக் கண்டென்ஸ்ட் மில்க், தயிர் என்று வேறு வழி போக வேண்டும், வேகும் நேரமும் மாறும். மேலே கொடுத்த அளவில் முட்டையை மட்டும் எடுத்துவிட்டால் வராது, அவர் தனியாகக் கேட்டால் அளவோடு எழுதுகிறேன்.